டர்பைனின் ஆயுள் டாங்கில் இருக்கிறது: கடல்சார் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கடல்சார் பொறியியல் படித்துக்கொண்டிருப்பவர்கள், படித்து முடித்துவிட்டு முதல் கப்பலுக்காகக் காத்திருப்பவர்கள், அண்மையில் கப்பல் ஏறிய ஜூனியர்கள் என உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். இயந்திர அறைகளில் நெடுங்காலம் இருந்துவிட்டு இப்போது பாடம் நடத்த வந்தவன் நான். கேஸ் டர்பைனை வரையச் சொன்னால் நீங்கள் எல்லோரும் அழகாக வரைகிறீர்கள். கம்ப்ரஸர், எரிகலம், கம்ப்ரஸரைச் சுழற்றும் டர்பைன், அதன் பின்னால் பவர் டர்பைன், அங்கிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ஷாஃப்ட். எரிகலத்தின் தலைமேல் ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ‘எரிபொருள்’ என்று எழுதிவிடுகிறீர்கள். பரீட்சைக்கு அது போதும், மார்க் கிடைத்துவிடும். கப்பலிலோ, உங்கள் வேலையில் பெரும்பகுதி அந்த அம்புக்குறிக்குள்தான் இருக்கிறது. டாங்க், பம்பு, பியூரிஃபையர், ஹீட்டர், ஃபில்டர், வால்வு, நாசில் என்று அது கப்பலின் அடித்தளத்திலிருந்து எரிகலம் வரை நீண்டு கிடக்கிறது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்பைன் பிளேடு எத்தனை ஆயிரம் மணி நேரம் உழைக்கும் என்பதை டர்பைன் பக்கத்தில் நிற்கிறவர் முடிவு செய்வதில்லை. டபுள் பாட்டம் டாங்கில் சவுண்டிங் எடுப்பவரும், பியூரிஃபையர் ரூமில் வேர்த்து வழிய நிற்பவரும், ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிப்பவரும்தான் முடிவு செய்கிறார்கள். அநேகமாக அவர்கள்தான் கப்பலிலேயே இளையவர்கள். ஒரு ஃபோர்த் இன்ஜினியர், ஓர் ஆயிலர். நாளைக்கு அது நீங்கள். அந்த வேலையை ‘ஜூனியருக்குத் தள்ளிவிடும் வேலை’ என்று நினைத்துக்கொண்டு நீங்கள் கப்பல் ஏறிவிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

“வணிகக் கப்பல்கள் எல்லாம் டீசல் இன்ஜினில் ஓடுகின்றன, எங்களுக்கு எதற்கு சார் கேஸ் டர்பைன்?” என்று வகுப்பில் யாராவது கேட்பது வழக்கம். நியாயமான கேள்வி. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ராந்த் நான்கு எல்எம்2500 கேஸ் டர்பைன்களில் ஓடுகிறது. நான்கும் சேர்ந்து 88 மெகாவாட். ஷிவாலிக் ரகக் கப்பல்களிலும், புதிதாக வந்துகொண்டிருக்கும் நீலகிரி ரகத்திலும் இதே டர்பைன்தான். வடிவமைத்தது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக். நம் கப்பல்களுக்கானவற்றைப் பெங்களூரில் ஹெச்ஏஎல் பூட்டி, ஓட்டிப் பார்த்துத் தருகிறது. ஐஎன்எஸ் சென்னை போன்ற டெஸ்ட்ராயர்களில் இருப்பவை உக்ரைனின் மிகோலாயிவ் நகரத்து சோர்யா டர்பைன்கள். 2022-இல் அந்த நகரமே போரில் சிக்கிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரத்தைக் கெடாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். உங்களில் சிலர் கடற்படைக்குப் போவீர்கள், சிலர் கப்பல் கட்டும் தளத்துக்கு, சிலர் கேஸ் டர்பைன் வைத்து மின்சாரம் எடுக்கும் கடல்நடு எண்ணெய் மேடைகளுக்கு. டீசல் கப்பலுக்கே போனாலும் சரி, இங்கே சொல்வதில் முக்கால்வாசி அங்கேயும் உதவும்.

டீசல் இன்ஜின் பொறுமைசாலி. கொஞ்சம் தண்ணீர் கலந்து வந்தாலும் இருமும், புகை கக்கும், பிறகு சமாளித்து ஓடும். இன்ஜெக்டர் போனால் மாற்றிக்கொள்ளலாம். டர்பைனில் ஜுவாலை இடைவிடாமல் எரிந்துகொண்டிருக்க வேண்டும். தண்ணீர் மொத்தமாக நாசிலுக்கு வந்துவிட்டால் ஜுவாலை அணைந்துவிடும். நடுக்கடலில் வேகம் போய்விடும். ஆனால் அது உடனே தெரிகிற பாதிப்பு; காரணத்தைக் கண்டுபிடித்து, வடித்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணிவிடலாம். எனக்குக் கவலை தருவது ஜுவாலையை அணைக்காமல் கொஞ்சங்கொஞ்சமாகக் கூடவே போகும் உப்பு.

ஒரு கணக்குப் போடுவோம், நோட்டை எடுங்கள். ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் வாக்கில் உப்பு. அதில் சோடியம் மட்டும் பத்து கிராமுக்கு மேல். அமெரிக்கக் கடற்படையும் நேட்டோ நாடுகளும் பயன்படுத்தும் எஃப்-76 என்ற டீசலில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 1 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வனேடியத்துக்கு எல்லை 0.5 பிபிஎம். இப்போது ஒரு லிட்டர் சுத்தமான டீசலில் இரண்டு சொட்டுக் கடல்நீரை விடுங்கள். சொட்டுக்கு 0.05 மில்லிலிட்டர் என்று வைத்தால், இரண்டு சொட்டில் 1.1 மில்லிகிராம் சோடியம். ஒரு லிட்டர் டீசல் 840 கிராம் இருக்கும். வகுத்துப் பாருங்கள், 1.3 பிபிஎம் வரும். இரண்டே சொட்டில் எல்லையைத் தாண்டிவிட்டோம்.

அடுத்த படி. ஓர் எல்எம்2500 முழுத்திறனில் மணிக்கு ஐந்து டன் வாக்கில் எண்ணெய் எரிக்கும். 1 பிபிஎம் என்றால் மணிக்கு ஐந்து கிராம் சோடியம் பிளேடுகளைத் தடவிக்கொண்டு போகிறது. ஆயிரம் மணி நேரத்தில் ஐந்து கிலோ. அந்தச் சோடியம் எண்ணெயில் இருக்கும் கந்தகத்தோடு கூடி சோடியம் சல்பேட் ஆகும். அதன் உருகுநிலை 884 டிகிரி செல்சியஸ். வேறு உப்புகள் கலந்தால் இன்னும் கீழே இறங்கும். எரிகலத்திலிருந்து வெளிவரும் வாயுவோ ஆயிரம் டிகிரிக்கு மேல். பிளேடுக்குள் காற்றை விட்டுக் குளிர்விப்பதால்தான் உலோகமே தாங்குகிறது. குளிர்ந்த அந்தப் பரப்பில் உப்பு உருகிய படலமாகப் படிகிறது. நிக்கல் கலவை உலோகத்துக்குக் காவலாக இருக்கும் ஆக்சைடுத் தோலை அது கரைத்துவிடும். தோல் போன இடத்தில் கந்தகம் உள்ளே இறங்கும். போராஸ்கோப் விட்டுப் பார்க்கும்போது பிளேடின் விளிம்பில் கொப்புளமும் செதிலும் தெரியும்; அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இன்ஜினைக் கழற்றி அனுப்ப வேண்டியதுதான். காற்றோடும் உப்பு வருகிறது, அதைத் தடுக்க இன்டேக்கில் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் எண்ணெய் வழியாக வருவதைத் தடுப்பது முழுக்க நம் கையில்.

வனேடியத்தின் கதை இன்னும் பழையது, சுவையானதும்கூட. கப்பலில் முதன்முதலாக கேஸ் டர்பைன் ஓடியது 1947-இல், எம்ஜிபி 2009 என்ற பிரிட்டிஷ் கடற்படையின் சிறு பீரங்கிப் படகில். அது விமான இன்ஜினிலிருந்து பிறந்தது, டீசலில் ஓடியது. வணிகக் கப்பல்காரர்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. மலிவான கறுப்பு எண்ணெயில் ஓடினால்தான் அவர்களுக்கு லாபம். 1951-இல் ஷெல் கம்பெனி ஆரிஸ் என்ற தன் டாங்கர் கப்பலில் 1,200 குதிரைத்திறன் டர்பைனை வைத்து அந்தப் பரிசோதனையைத் தொடங்கியது. 1956-இல் அமெரிக்கர்கள் போர்க்காலத்து லிபர்ட்டி கப்பலான ஜான் சார்ஜெண்ட்டின் பழைய நீராவி இன்ஜினை எடுத்துவிட்டு 6,000 குதிரைத்திறன் டர்பைனைப் பொருத்தினார்கள். அதற்கு ஊற்றியது பங்கர் சி என்ற தார் போன்ற கசடு எண்ணெய். கச்சா எண்ணெயிலேயே இருக்கும் வனேடியம் இந்தக் கசட்டில்தான் தங்கும். அது எரிந்தால் உண்டாகும் வனேடியம் பென்டாக்சைடு 690 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும். சோடியம் சேர்ந்தால் அதற்கும் கீழே. ஆகவே அந்தக் கப்பலில் எண்ணெயைத் தண்ணீர் விட்டுக் கழுவிச் சோடியத்தை எடுத்தார்கள், சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தண்ணீரைப் பிரித்தார்கள், பிறகு மெக்னீசியத்தைக் கலந்து வனேடியம் உருகாமல் பொடியாகப் போகும்படி செய்தார்கள். வேலை செய்தது. ஆனால் கப்பலுக்குள் ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலையையே நடத்த வேண்டியிருந்தது.

எனக்கு அந்தப் பொறியாளர்கள்மீது பெரிய மரியாதை. டர்பைனின் சூட்டுப் பகுதியைக் காப்பாற்ற அவர்கள் கை வைத்தது எண்ணெயில். அறுபதுகளின் முடிவில், விமான இன்ஜினிலிருந்து பிறந்த எல்எம்2500 கடலுக்கு வந்தது. வெப்பம் கூடியது, பிளேடுக்குள் நுண்ணிய துளைகள் வந்தன. கசடு எண்ணெய் இனி உதவாது என்று ஆகிவிட்டது. எழுபதுகளில் அமெரிக்கக் கடற்படை கறுப்பு எண்ணெயையே விட்டுவிட்டு, வடித்தெடுத்த டீசலுக்கு மாறியது.

நம் கடற்படை வாங்கும் டீசலுக்கு ஐஎன் 512 என்ற தனித் தரம் இருக்கிறது. லாரிக்கு ஊற்றும் டீசலின் ஃப்ளாஷ் பாயின்ட் 35 டிகிரி இருந்தால் நம் நாட்டு விதிக்குப் போதும். கப்பலுக்கு அது ஆகாது. சர்வதேச விதிப்படி குறைந்தது 60 வேண்டும், ஐஎன் 512-க்கு 66. மனிதர்கள் தூங்கும் அறைக்குக் கீழே டன் கணக்கில் எண்ணெய் கிடப்பதால் வந்த விதி இது. பங்கரிங் செய்யும்போது பார்ஜ்காரர் நீட்டும் ரசீதில் இந்த எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இனி டாங்க். எண்ணெய் எடுக்க எடுக்கக் கப்பல் லேசாகும், நிலைப்புத்தன்மை குறையும். அதற்காக ஸ்ப்ரூயன்ஸ் ரக டெஸ்ட்ராயர்களிலும், பிறகு வந்த ஆர்லி பர்க் ரகத்திலும் அமெரிக்கர்கள் ஒரு துணிச்சலான ஏற்பாடு செய்தார்கள். டாங்குகளை வரிசையாக இணைத்து, ஒரு முனையில் எண்ணெயை எடுக்கும்போது மறுமுனையில் கடல்நீர் தானாகவே ஏறி அந்த இடத்தை நிரப்பும்படி வைத்தார்கள். டாங்க் எப்போதும் நிறைந்தே இருக்கும், கனம் குறையாது. அதாவது டர்பைனுக்குப் போகும் டீசல், அந்த டர்பைனின் பரம எதிரியான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தடுப்புச் சுவர் கிடையாது, அடர்த்தி வித்தியாசம் மட்டும்தான். கப்பல் உருளும்போது அந்த எல்லைக்கோடு கலங்கும். எண்ணெய் நிரப்பும்போது தண்ணீர் கடலுக்குத் தள்ளப்படும். அவசரப்பட்டால் எண்ணெயும் கூடவே போய்த் துறைமுகத்து நீரில் பரவும். இதைப் பைத்தியக்கார வடிவமைப்பு என்று நான் சொல்லமாட்டேன். பியூரிஃபையரையும் ஃபில்டரையும் அவற்றை ஓட்டுகிற ஆட்களையும் நம்பினால் மட்டுமே ஒருவர் இப்படி வடிவமைக்க முடியும்.

கடல்நீரை உள்ளே விடாத கப்பல்களிலும் தண்ணீர் எப்படியோ வந்துவிடுகிறது. மூச்சுக்குழாய் வழியாக ஈரக்காற்று வருகிறது, இரவில் டாங்க் சுவர் குளிர்ந்தால் வேர்க்கிறது, சவுண்டிங் பைப் மூடி சரியாக இறுகாமல் டெக் கழுவிய தண்ணீர் இறங்குகிறது. எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை வளரும். நம் ஊர் வெப்பம் அதற்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். பழுப்பும் கறுப்புமாக, பிசுபிசுவென்று, கையில் எடுத்தால் நூல் நூலாக வரும். அது பிய்ந்து மேலே வந்தால் ஃபில்டர் ஒரே வாட்சில் அடைத்துக்கொள்ளும். மருந்து ஊற்றிக் கொல்லலாம். ஆனால் தண்ணீரை வடித்துவிட்டால் அது வளரவே இடமில்லை.

டாங்கிலிருந்து டிரான்ஸ்ஃபர் பம்பு எண்ணெயை எடுத்து பியூரிஃபையருக்குத் தருகிறது. பியூரிஃபையரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள், ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். வேகமாக முடித்துவிட்டுப் படுக்கப் போகலாம் என்று முழு ஓட்டத்தில் தள்ளாதீர்கள். எண்ணெய் பவுலுக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் பிரியும். ஓட்டத்தைக் குறைத்து இரவு முழுக்க ஓடவிடுவதே நல்ல வேலை. பிறகு சர்வீஸ் டாங்க். எப்போதும் இரண்டு இருக்கும். ஒன்றிலிருந்து டர்பைன் குடிக்கும், மற்றது நிரம்பி, அசையாமல் நின்று, தெளியும். குடித்துக்கொண்டிருக்கும் டாங்கிலேயே ஊற்றினால் அடியில் கிடக்கும் வண்டல் அத்தனையும் கிளம்பிவிடும்.

சர்வீஸ் டாங்கிலிருந்து பூஸ்டர் பம்பு, ஹீட்டர், முன் ஃபில்டர், அதற்கடுத்து கோலெசர். இங்கே கொஞ்சம் நிற்போம். இந்தப் பாத்திரத்தைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை.

பியூரிஃபையர் பெரிய சொட்டுகளைப் பிரித்துவிடும். அதையும் தாண்டி வருவது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள். எண்ணெயை லேசாக மங்கலாக்கும், அவ்வளவுதான். கோலெசருக்குள் கண்ணாடி இழையால் செய்த உருளைகள் நிற்கின்றன. எண்ணெய் உருளையின் உள்ளேயிருந்து வெளியே வரும். இழைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வரும்போது நுண்துளிகள் ஒன்றோடொன்று மோதி, சேர்ந்து, வெளிப்பக்கம் வரும்போது கனமான சொட்டுகளாகிக் கீழே விழும். அப்படியும் விழாமல் எண்ணெயோடு இழுபட்டுப் போகிற சொட்டுகளை அடுத்திருக்கும் செபரேட்டர் வலை பார்த்துக்கொள்ளும். இதில் ஓட்டம் எதிர்த்திசை, வெளியிலிருந்து உள்ளே. வலைமேல் டெஃப்லான் பூச்சு. தாமரை இலைமேல் தண்ணீர் ஒட்டாததுபோல இதிலும் ஒட்டாது. எண்ணெய் நுழையும், சொட்டு வெளியிலேயே உருண்டு அடியில் இருக்கும் கிண்ணத்தில் சேரும். அங்கே ஒரு வடிவால்வு. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. மணிக்கு ஐந்து டன் எண்ணெயைச் சத்தமில்லாமல் வடிகட்டுகிற இந்தப் பாத்திரத்தைவிட அழகான கருவி இயந்திர அறையில் வேறில்லை என்பது என் எண்ணம்.

அமெரிக்கக் கடற்படை, டர்பைனுக்குப் போகும் எண்ணெயில் தனித்த தண்ணீர் 40 பிபிஎம்-க்கு மேலோ, திடமான அழுக்கு லிட்டருக்கு 2.64 மில்லிகிராமுக்கு மேலோ இருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறது. கோலெசர் ஒழுங்காக இருந்தால் இந்த எல்லைக்குள் வைத்திருக்கலாம். அதற்கு ஓர் எதிரி உண்டு: சோப்பு. டெக் கழுவும் சோப்புத்தூள், டாங்க் சுத்தம் செய்யும் கெமிக்கல், இப்படி எது எண்ணெயில் கலந்தாலும் நுண்துளிகள் ஒன்றுசேர மறுத்துவிடும். ஃபில்டர் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். அழுத்தம் சரியாகக் காட்டும். தண்ணீர் மட்டும் தங்குதடையின்றிப் போய்க்கொண்டிருக்கும். அதனால் கேஜை மட்டும் நம்பக்கூடாது. பாட்டிலில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

கேஜைப் பற்றி இன்னொன்று. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வாட்ச்தோறும் லாக்கில் எழுதுவீர்கள். அது மெல்ல மெல்ல ஏறினால் அழுக்கு சேர்கிறது என்று பொருள். இது எல்லோருக்கும் தெரியும். ஏறிக்கொண்டிருந்தது திடீரென்று இறங்கினால்? நான் இருந்த ஒரு கப்பலில் அப்படித்தான் நடந்தது. முந்தின வாட்சில் இருந்தவர் ‘ஃபில்டர் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அடுத்து வந்த ஆயிலர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அந்த இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்துவிட்டு, “அண்ணே, யாரும் மாத்தாம இது எப்படிக் குறையும்?” என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றார். மற்ற ஃபில்டருக்கு மாற்றிவிட்டுத் திறந்து பார்த்தால், உள்ளே ஓர் எலிமென்ட் பக்கவாட்டில் கிழிந்திருந்தது. எண்ணெய் வடிகட்டப்படாமல் அந்தக் கிழிசல் வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர் எந்த டிப்ளமாவும் படித்தவரில்லை. முந்தைய எண்ணைப் பார்க்கும் பழக்கம் இருந்தது, கேட்கத் தயங்காத குணமும் இருந்தது.

பாட்டில் பிடிப்பதையும் சொல்லிவிடுகிறேன். சுத்தமான கண்ணாடி பாட்டில். துணியால் உள்ளே துடைக்காதீர்கள், பஞ்சு ஒட்டும். முதலில் வருவதைக் கீழே விட்டு, லைன் ஓடியபிறகு பிடியுங்கள். முக்கால் பாகம் போதும். மூடி, மணிக்கட்டை வளைத்து ஒரே திசையில் சுழற்றுங்கள், சுழல் விழும். நிறுத்தினால் அழுக்கும் தண்ணீரும் அடியில் நடுவில் ஒரு புள்ளியாகக் கூடும். பிறகு விளக்குக்கு நேரே தூக்கிப் பாருங்கள். பின்னால் பிடித்த லாக் புத்தகத்தின் எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும். மங்கலாக இருந்தால் அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள்: காற்றுக்குமிழி என்றால் கீழிருந்து மேலாகத் தெளிந்துவிடும்; காற்று மேலே போவதால் அடிப்பாகம்தான் முதலில் தெளியும். மேற்பாகம் தெளிந்து மங்கல் கீழிறங்கினால் அது தண்ணீர்.

கோலெசரைத் தாண்டி எண்ணெய் டர்பைன் இருக்கும் கூண்டுக்குள் நுழைகிறது. அங்கே நடப்பது துல்லியமான வேலை என்றாலும் நீங்கள் கை வைக்க அதிகம் இருக்காது. டர்பைனே கியர் வழியாகச் சுழற்றும் பம்பு அழுத்தத்தை உயர்த்தும். கம்ப்ரஸர் வேகம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், கம்ப்ரஸர் வெளியேற்றும் அழுத்தம் இவற்றை வைத்து ஃப்யூயல் கன்ட்ரோல் அளந்து விடும். மிச்சம் பம்புக்கே திரும்பும். எல்எம்2500-இல் முப்பது நாசில்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வழிகள்: ஸ்டார்ட் பண்ணும்போது சிறிய வழி மட்டும் திறந்து மெல்லிய தூறலாகத் தெளிக்கும், அழுத்தம் ஏறியபின் பெரிய வழியும் சேர்ந்துகொள்ளும்.

அந்த நாசில்களுக்கு முன்னால் இரண்டு ஷட்டவுன் வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஏன் இரண்டு? பவர் டர்பைனின் முழுவேகம் நிமிடத்துக்கு 3,600 சுற்று. கப்ளிங் முறிந்து சுமை போய்விட்டால் கண்மூடித் திறப்பதற்குள் வேகம் எகிறும். 3,960 வாக்கில் எண்ணெய் நின்றே ஆக வேண்டும். ஒரு வால்வு சிக்கிக்கொண்டால் மற்றது அடைக்கும். சோதிக்கும்போது இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்றாகச் சோதித்தால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பது தெரியவே தெரியாது.

நிறுத்தும்போதும் அவசரம் கூடாது. சாதாரணமாக நிறுத்தும்போது ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுப் பிறகுதான் எண்ணெயை நிறுத்துவார்கள். சூடாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் நாசில் முனையில் தங்கிய எண்ணெய் வெந்து கரியாகும். துளை பாதி அடைத்த நாசில் கோணலாகத் தெளிக்கும். ஒரு பக்கம் அதிகம் எரியும், மறுபக்கம் குறையும். பவர் டர்பைனுக்கு முன்னால் வட்டமாகப் பதித்திருக்கும் பதினொரு வெப்பமானிகளின் அளவுகளுக்குள் விலகல் கூடுவதைப் பார்த்தால் நாசிலைச் சந்தேகப்படுங்கள்.

பயணிகள் கப்பல்களிலும் இது உண்டு. 2004-இல் ஓடத் தொடங்கிய குயீன் மேரி 2-இல் நான்கு டீசல் இன்ஜின்கள் கப்பலின் அடியில், இரண்டு கேஸ் டர்பைன்கள் உச்சியில் புகைபோக்கிக்குப் பக்கத்தில். டீசலுக்குக் கறுப்பு எண்ணெய், டர்பைனுக்கு கேஸ் ஆயில். டர்பைன் எண்ணெயை அடியிலிருந்து அத்தனை தளம் தாண்டி மேலே ஏற்ற வேண்டும், கறுப்பு எண்ணெயின் ஒரு சொட்டும் கலக்காமல். இரண்டு லைனுக்கும் நடுவே ஒரு வால்வு கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வனேடியம் பற்றி மேலே சொன்னதெல்லாம் ஞாபகம் வரட்டும். எண்ணெய் விலைதான் இந்த மாதிரிக் கப்பல்களைப் பெருகவிடாமல் தடுத்தது. ஃபின்ஜெட் 1977-இல் டர்பைனோடு வந்து, சில வருஷத்திலேயே டீசலையும் பொருத்திக்கொண்டது.

உங்கள் காலத்தில் எண்ணெயே மாறப்போகிறது. 2012-இல் ஹவாய் பக்கம் நடந்த ரிம்பேக் கடற்பயிற்சியில் அமெரிக்கக் கடற்படை, சமையலறையில் மிஞ்சிய எண்ணெயிலிருந்தும் பாசியிலிருந்தும் எடுத்த எரிபொருளை டீசலோடு சரிபாதி கலந்து போர்க்கப்பல்களின் டர்பைன்களை ஓட்டியது. அது பங்க்கில் கலக்கும் எஸ்டர் வகை பயோடீசல் இல்லை, ஹைட்ரஜன் சேர்த்துச் சுத்திகரித்தது. காரணம் இருக்கிறது. எஸ்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்குத் தீனியாகும், கோலெசரைச் செயலிழக்கச் செய்யும். வணிகக் கப்பல் எண்ணெயில் அதே எஸ்டர் இப்போது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பயோ என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்து ஒரே டாங்கில் ஊற்றிவிடக்கூடாது. இன்னொரு பக்கம், 2013-இல் டாஸ்மேனியாவில் கட்டிய ஃபிரான்சிஸ்கோ என்ற அதிவேகப் பயணிகள் கப்பல் எல்என்ஜியில் எல்எம்2500-ஐ ஓட்டுகிறது. மைனஸ் 162 டிகிரியில் கிடப்பதை வாயுவாக்கி, அழுத்தி, டர்பைனுக்குத் தர வேண்டும். அங்கே உப்புத் தண்ணீர்ப் பயம் இல்லை, கசிந்தால் வெடிக்கும் பயம் இருக்கிறது. எந்த எரிபொருளானாலும் டாங்க் முதல் நாசில் வரையுள்ள பாதையை முழுக்கத் தெரிந்த ஒருவர் கப்பலில் வேண்டும்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். கப்பல் ஏறிய முதல் வாரத்திலேயே டார்ச்சை எடுத்துக்கொண்டு எண்ணெய் லைனைக் கையால் தொட்டுக்கொண்டே நடங்கள், டாங்கிலிருந்து டர்பைன் வரை. பைப் சுவருக்குள் மறையும் இடத்தில் அடுத்த அறைக்குப் போய் அது எங்கே வெளிவருகிறது என்று தேடுங்கள். தீப்பிடித்தால் டாங்க் வால்வுகளை வெளியிலிருந்தே மூடும் கைப்பிடிகள் எங்கே இருக்கின்றன என்பதை இருட்டிலும் போய்த் தொடும் அளவுக்குப் பழகுங்கள். வடித்த தண்ணீர் எவ்வளவு என்பதை ‘கொஞ்சம்’ என்று எழுதாமல் லிட்டரில் எழுதுங்கள். நேற்று கால் லிட்டர், இன்று இரண்டு லிட்டர் என்றால்தான் எங்கோ ஒரு மூடியோ, ஒரு ஹீட்டர் குழாயோ கசிகிறது என்று செகண்ட் இன்ஜினியருக்குப் புரியும். சந்தேகம் வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் அவரை எழுப்புங்கள். நல்ல செகண்ட் யாரும் அதற்காகக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இன்னும் கல்லூரியில் இருப்பவர்களுக்கு ஒன்று. நம் ஆய்வகங்களில் டர்பைன் மாதிரி, வெட்டித் திறந்த இன்ஜின் எல்லாம் இருக்கின்றன. அறுத்துப் பார்க்க ஒரு கோலெசர் எலிமென்ட்கூட இல்லாத கல்லூரிகள் உண்டு. பயன்படுத்தித் தூக்கிப்போட்ட எலிமென்ட் எந்தக் கப்பல் பழுதுபார்க்கும் தளத்திலும் கிடைக்கும். அதை அறுத்து, இழைகளை விரித்துப் பார்க்கலாம். ஒரு சின்ன பம்பு, ஒரு கண்ணாடிப் பாத்திரம், புது எலிமென்ட் ஒன்று, பத்து லிட்டர் டீசல் இருந்தால், தண்ணீர் பிரிவதையும், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டவுடன் அது பிரிய மறுப்பதையும் ஒரே மதியத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள், பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். அடுத்த செமஸ்டர் பட்ஜெட் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். பெஞ்சை எப்படி அமைப்பது என்று சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்களில் ஒருவன்